அழாதவளின் மறுபிறப்பு

தெரூஸ் அழவில்லை. எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

ஆற்றில் வெள்ளம் ஏற ஆரம்பித்த நாட்களில் ஷ்மூன் நகரத்துப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டது. சில தெருக்களில் வீட்டுக்கு ஒன்று போனது. தெரூஸின் ஒரே மகள் சரப்பூஸுக்கு முன்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற வயது. மதியம் வரை தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்கவில்லை. தெரூஸ் குவளையைக் கீழே வைத்தாள். பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள். எழுந்துபோய் அடுப்பில் கிடந்த பருப்பை இறக்கினாள். அடிப்பிடித்திருந்தது. சட்டியைச் சுரண்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

தெருப் பெண்கள் ஓடிவந்தார்கள். மாரைத் திறந்துபோட்டுக்கொண்டு, ஆற்றுச் சேற்றை அள்ளித் தலையில் அப்பிக்கொண்டு, வாசலில் நின்று அலறினார்கள். முன்னால் நின்றவள் தப்சோயி. சாவு வீடுகளில் கூலிக்கு ஒப்பாரி வைக்கிறவள். அதே தெருக்காரி என்பதால் இங்கே கூலி பேசவில்லை. அவள் தெரூஸின் தலையிலும் ஒரு கை சேற்றை வைத்து, அழுதுவிடு, அழுதுவிடு என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கிய பக்கமெல்லாம் தெரூஸ் அசைந்தாள். சேறு காய்ந்து உதிர்ந்தது. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பிள்ளையை ஊருக்கு வெளியே உடல் பதப்படுத்துகிறவர்களின் கூடத்துக்கு எடுத்துப்போனபோதும் அப்படியேதான் நின்றாள்.

கணவன் கொப்ரேஸ் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அழுது முடித்ததும் வெட்கப்பட்டான். அழாமல் இருப்பது எப்படி என்று வருடக்கணக்கில் படித்துக்கொண்டிருக்கிற மனிதன் அவன்.

பகலில் கடைவீதியில் உட்கார்ந்து எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது அவன் பிழைப்பு. மாலையில் பிபியோன் வீட்டு மாடியில் பாடம். பிபியோன் ஒரு காலத்தில், எழுத்துக்கும் அறிவுக்கும் கடவுளான தோத்தின் கோயிலில் பூசகர். கோயிலுக்கு வரும்படி நின்றுபோன பிறகு, அதே கடவுளைக் கிரேக்கர்கள் கூப்பிடுகிறபடி ஹெர்மிஸ் என்றும் மும்மடங்கு பெரியவர் என்றும் சொல்லி, சில ஆண்களைக் கூட்டிவைத்துக் கற்பித்துவந்தார். கடவுள் ஒன்று. அதற்கு நம்மிடமிருந்து எதுவும் வேண்டாம், தூபம்கூட வேண்டாம். மனிதன் பாதி மண், பாதி அறிவு. உடம்பு என்பது நாம் உடுத்தியிருக்கிற துணி, தூக்கிக்கொண்டு திரிகிற கல்லறை. அந்த உடம்பின் வழியாகப் பன்னிரண்டு வதைகள் நம்மைக் குத்துகின்றன. முதலாவது அறியாமை. இரண்டாவது துக்கம். கடவுளின் பத்து ஆற்றல்கள் உள்ளே இறங்கி அந்தப் பன்னிரண்டையும் விரட்டிவிட்டால், மனிதன் சாகாமலேயே, இந்த உடம்பில் இருந்தபடியே, மறுபடி பிறக்கிறான். அந்தப் பிறப்புக்கு மௌனம்தான் கருப்பை. பெண் தேவையில்லை.

இப்படித்தான் பாடம். பாடம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை வருடத்தில் அந்த மாடியில் ஒருவரும் பிறக்கவில்லை. ஒரு மருத்துவர், ஒரு பண்ணைக்காரர் மகன், இன்னும் சிலர் எல்லோரும் மௌனமாக உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள், வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் எரிந்து விழுந்தார்கள். பிபியோனே பிறந்தவரா என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற மாதிரியான கேள்வி இல்லை அது.

தெரூஸ் அழவில்லை என்று கொப்ரேஸ்தான் போய்ச் சொன்னான். பெருமையாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னான். பிபியோன் மறுநாளே சீடர்களோடு வீட்டுக்கு வந்துவிட்டார். தெரூஸுக்கு எதிரே பாயில் உட்கார்ந்து, வெகுநேரம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"மகனே, உள்ளே துக்கம் இருக்கா?"

தெரூஸ் திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது. அந்த வழியில் கற்பிக்கிறவர் அப்பா, கற்கிறவர் மகன். ஆதியில் கடவுள் தன் மகனுக்குச் சொன்னதாகத்தான் எல்லாப் பாடமும் இருக்கிறது. மகளுக்கு என்று ஒரு சொல் அதில் இல்லை. இதுவரை தேவைப்படவும் இல்லை.

"உன்னத்தான் கேக்குறேன், மகனே. துக்கம் இருக்கா?"

"இல்ல."

"கோபம்?"

"இல்ல."

"ஆசை? எதாச்சும் வேணும்னு இருக்கா?"

"ஒண்ணும் வேணாம்."

பொறாமை, பேராசை, வஞ்சகம் என்று பன்னிரண்டையும் விரல் மடக்கிக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றாள். பொய் சொல்லவில்லை. உள்ளே தேடித்தான் பார்த்தாள். வெள்ளை அடித்த வெறும் அறை மாதிரி இருந்தது. கடைசி விரலும் மடங்கியது. மருத்துவர் வாயைப் பொத்திக்கொண்டார். கிழவர் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் உலர்ந்த கண்ணோடு உட்கார்ந்திருக்க, எதிரே இருந்த ஆண்கள் எல்லோரும் அழுதார்கள். எங்களால் முடியாதது இவளிடம் நடந்துவிட்டது என்று அழுதார்கள்.

அன்றிலிருந்து மாலைப் பிரார்த்தனை தெரூஸின் வீட்டு மொட்டைமாடிக்கு மாறியது. சூரியன் இறங்கும் நேரத்தில் தெற்குப் பார்த்து நின்று, சத்தமில்லாமல் துதித்துவிட்டு, இரத்தம் படாத சாப்பாடு சாப்பிடுவார்கள். ரொட்டி, பருப்பு, வெங்காயம், அத்திப்பழம். சமைப்பது யார் என்று கேட்க வேண்டாம். தெய்வத்தன்மை அடைந்தவளானாலும் அடுப்பை அவள்தான் ஊத வேண்டியிருந்தது. சாப்பிட்டு முடித்ததும், ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அவள் முகத்தைப் பார்ப்பார்கள். ஒருநாள் பருப்பில் உப்புக் குறைச்சல் என்று சொன்னாள். உண்மையில் குறைச்சல்தான். மருத்துவர் அதிலிருந்து உப்பையே விட்டுவிட்டதாகக் கேள்வி.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தெரூஸுக்கு நியாயம் செய்ததாகாது. இது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது. சாமியாகிவிட்டவளை யாரும் தொடுவதில்லை, தேற்றுவதில்லை, ஒரு வாய் சாப்பிடு என்று கெஞ்சுவதில்லை. அதைவிட, அவளும் பாதி நம்பினாள். ஒருவேளை இதுதானோ அது? வருடக்கணக்கில் பிபியோன் வீட்டுக்குத் தண்ணீர்க் குடமும் ரொட்டியும் கொண்டுபோய், படியில் நின்று காது கொடுத்தவள். எழுத்தும் அப்படித் திருட்டுத்தனமாகத்தான் படித்தாள். பாடத்தில் அவளுக்குப் பிடித்த இடம், செத்த உயிர் வானத்தில் ஏறுகிற இடம். ஏழு கோள்களுக்கும் ஏழு வளையம். ஒவ்வொரு வளையத்திலும் பிறக்கும்போது வாங்கி வந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஒன்றில் தந்திரம், ஒன்றில் ஆசை, ஒன்றில் அகந்தை, கடைசியில் பொய். எல்லாம் கொடுத்துவிட்டு வெறுமனே எட்டாவதில் நுழைந்தால், அங்கே பாட்டு. இதைச் சரப்பூஸுக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறாள். நான் எதைத் திருப்பிக் கொடுக்கணும் என்று அவள் கேட்டாள். பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டு நாய் தின்றது என்றாயே, அதைக் கொடுத்துவிட்டுப் போ என்றாள் தெரூஸ். நாய்தான் தின்னுச்சு என்று சாதித்தாள் பிள்ளை.

தோத் கடவுளின் மாதம் பிறந்தது. வெள்ளம் வயல்களை எல்லாம் மூடி, மேற்கே பாலைவனத்தின் ஓரம்வரை ஒரே தண்ணீர். பதப்படுத்தும் கூடத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். பிள்ளை தயார். காய்ச்சலில் போனவர்கள் நிறையப் பேர், வைக்க இடமில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை ஒரே படகில் எல்லாப் பிள்ளைகளையும் இடுகாட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். வருகிறவர்கள் படித்துறைக்கு வந்துவிட வேண்டும், படகு காத்திருக்காது.

மூன்றாம் நாள் விடியற்காலைதான் பிபியோன் சடங்குக்குக் குறித்திருந்தார். ஹெர்மிஸின் கோள் கன்னி ராசியில் நிற்கிற நாள். தவறவிட்டால் அடுத்த வருடம்தான். அன்று உதயத்தில் கிழக்குப் பார்த்து நின்று, தெரூஸ் எட்டாவதைக் கண்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அவள் அப்பா. அப்பாவானவர் மற்றவர்களைப் பெறலாம். முதலில் பெறப்பட வேண்டியவன் கொப்ரேஸ்.

அன்று சாயங்காலம் அவள் நேரே பிபியோன் வீட்டுக்குப் போனாள். படகு வருகிற நாளைச் சொன்னாள். தெரியும் என்றார் அவர். உடம்பை உடம்புக்காரர்கள் அடக்கம் செய்யட்டும், அதற்கு ஆள் இருக்கிறது என்றார். அங்கே போய்ச் சேற்றைப் பூசிக்கொண்டு அலறுகிற பெண்களுக்கு நடுவில் நின்றால், இறங்கிய ஆற்றல்கள் பத்தும் ஏறிப் போய்விடும் என்றார். மிரட்டவில்லை. கனிவாகத்தான் சொன்னார். வயதான மனிதர், கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. வாழ்நாளெல்லாம் காத்திருந்தது ஒரு வழியாக வாசலுக்கு வந்திருக்கிறது, அது கைநழுவிவிடக் கூடாது என்கிற பயம் அவர் குரலில் இருந்தது.

"போன வருஷம் ஒண்ணு சொன்னீங்க, அப்பா," என்றாள் தெரூஸ். "பிள்ளை இல்லாம சாகுறவங்களப் பத்தி. படியில நின்னு கேட்டேன்."

பிபியோன் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அதைவிடப் பெரிய பாவம் இல்லன்னீங்க. செத்த பிறகு பேய்ங்க தண்டிக்கும், ஆணுமில்லாம பொண்ணுமில்லாம ஒரு உடம்புல போட்டு அடைக்கும், சூரியனே சபிக்கும்னீங்க. எனக்கு இப்பப் பிள்ளை இல்ல. அப்ப நான் சபிக்கப்பட்டவளா, சாமியா? ரெண்டுல எதுன்னு சொல்லிடுங்க, போதும்."

இத்தனை வார்த்தைகளை அவள் ஒன்றாகப் பேசி நாளாகியிருந்தது. கிழவர் சிரித்தார். புத்திசாலிப் பையன் கேட்ட கேள்விக்குச் சிரிக்கிற சிரிப்பு.

"உனக்கா பிள்ளை இல்ல? இந்த மாடிக்கு வர்ற அத்தனை பேரும் இனிமே உன் பிள்ளைங்கதான். நீ இழந்தது ஒண்ணு, கிடைக்கப்போறது எத்தனைன்னு பாரு. அந்தத் துணிமூட்டைக்குப் பின்னால நீ போகக் கூடாது, மகனே."

துணிமூட்டை. அந்தச் சொல் அவளுக்கு வலித்திருக்க வேண்டும். வலிக்கவில்லை என்பதை மட்டும் கவனித்தாள். மருத்துவரும் பண்ணைக்காரர் மகனும் வாசலில் நின்று வணங்கினார்கள். மருத்துவருக்குத் தலை நரைத்துவிட்டது. பண்ணைக்காரர் மகனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. இனிமேல் இவர்கள் தன் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

மறுநாள் தண்ணீர்க்கரையில் துணி அலசும்போது தப்சோயி பிடித்துக்கொண்டாள். மறுநாள் விடியற்காலைப் படகில் ஒப்பாரிக்கு அவளைத்தான் வைத்திருக்கிறார்கள். வருகிறாயா இல்லையா என்று கேட்டாள். தெரியவில்லை என்றாள் தெரூஸ்.

"தெரியலையா? பெத்த பிள்ளைய மண்ணுல வைக்க வர்றியான்னு கேட்டா தெரியலங்கிறா பாரு. அந்தக் கிழவன் உனக்கு என்னத்தடி கலந்து குடுத்தான்?"

"ஒண்ணும் குடுக்கல, அக்கா. அழுகை வரல. அவ்வளவுதான்."

"அழாதவளுக்கு மாடியில சாமின்னு பேராம். எங்க கூட்டத்துல அதுக்குப் பேரு வேற. சொன்னா வாய் நாறும்." துணியை ஓங்கிக் கல்லில் அறைந்தாள். "சரி, வர்றதுன்னா வெறுங்கண்ணோட வந்து நிக்காத. நான் வெங்காயம் வெச்சிருப்பேன், மூக்குக்கிட்ட வெச்சுக்கோ. செத்தவங்களுக்குக் கண்ணீர் வேணும். வாய் வறண்டு கெடக்கும்டி அங்க."

தெரூஸ் அலசின துணியைப் பிழிந்தாள். மாடியில் இருக்கிறவர்களுக்கு அவள் அழக்கூடாது. கரையில் இருக்கிறவர்களுக்கு அவள் அழ வேண்டும். இரண்டு பக்கத்தாரும் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பல் முளைத்ததா, கடைசியில் என்ன கேட்டாள், ஒன்றும் கேட்கவில்லை.

கொப்ரேஸ் அன்று கடைவீதிக்குப் போகவில்லை. அவள் திரும்பி வந்தபோது முற்றத்தில் அவளுக்காகக் காத்திருந்தான். கொப்ரேஸ் என்பது குப்பைமேட்டிலிருந்து எடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர். ஊரில் அந்தப் பெயர் நிறையப் பேருக்கு உண்டு, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவன் எடுத்துக்கொண்டான். பிறந்த அன்றே யாரோ வீசிவிட்டுப் போக, ஒரு குயவன் எடுத்து வளர்த்தான். அப்பன் யார், ஆத்தாள் யார் என்று தெரியாதவனுக்கு, கடவுளையே அப்பாவாகக் கொண்டு மறுபடி பிறக்கலாம் என்று ஒருவர் சொன்னால் அவன் எங்கே போவான்? இதெல்லாம் தெரூஸுக்குத் தெரியும். தெரிந்துதான் இத்தனை வருடம் மாடிக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தாள்.

படகுக்கு நீ போ, நான் சடங்குக்குப் போகிறேன் என்று அவனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். நீதான் என்னைப் பெறப்போகிறாய், நான் இல்லாமல் எப்படி என்றான். அந்தப் பிள்ளை மேலே ஏறிப் போய்விட்டது, ஏழு வளையமும் தாண்டியிருக்கும், நாம் புதைக்கப்போவது அவள் கழற்றிப்போட்டதை என்று சொன்னான். அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பாவமாகவும் இல்லை. சரி, சடங்குக்கே வருகிறேன் என்றாள். எது குறைந்த தூரமோ அங்கே போவது என்கிற மாதிரிதான் அந்தச் சரி.

சடங்கு மட்டும் பழைய இடத்தில்தான்; விடியலுக்கு முன் பிபியோன் மாடியில் எல்லோரும் வெள்ளைத் துணி உடுத்தி உட்கார்ந்திருந்தார்கள். கிழக்கே வெள்ளத்துக்கு மேலே வெளுத்துக்கொண்டு வந்தது. அந்த உயரத்திலிருந்து படித்துறை தெரியும். தெரூஸைக் கிழக்குப் பார்க்க உட்காரவைத்தார்கள். அவள் உட்கார்ந்தாள். பிபியோன் அவளைத் தழுவி முத்தமிட்டு, எதிரே மண்டியிட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எதைப் பார்க்கிறாய், மகனே?"

நான் எட்டாவதைப் பார்க்கிறேன், அங்கே என்னையே பார்க்கிறேன் என்று சொல்ல வேண்டும். கொப்ரேஸ் அதை அவளுக்குப் பலமுறை சொல்லிக்கொடுத்திருந்தான். தெரூஸ் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டுமென்று சொல்லாமல் இருக்கவில்லை, வாய் வரவில்லை.

மௌனத்தைக் கேட்ட ஆண்கள் நெற்றியைத் தரையில் வைத்துவிட்டார்கள். சொல்லுக்கு எட்டாததைப் பார்த்துவிட்டாள், அதனால்தான் பேசவில்லை என்று மருத்துவர் பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார். பிபியோன் கைகளை விரித்துச் சத்தமில்லாத துதியைத் தொடங்கினார். எல்லோரும் உதட்டை மட்டும் அசைத்தார்கள்.

அப்போதுதான் தெரூஸுக்கு அது புரிந்தது. இந்த மாடியில் அவள் வாயைத் திறக்காவிட்டால், திறக்காததையும் எடுத்துக்கொள்வார்கள். அழாததை எடுத்துக்கொண்டாயிற்று. இப்போது மௌனத்தையும் எடுத்துக்கொண்டாயிற்று. பிள்ளை செத்த அன்றைக்கு அவளுக்கு மிச்சம் என்று இருந்ததே அது ஒன்றுதான்.

"நான் ஒண்ணும் பாக்கல," என்றாள். சத்தமாகவே சொன்னாள். "என் பிள்ளை செத்துப்போச்சு. அதான் பேச்சு வரல."

உதடுகள் நின்றன. பிபியோன் கண்ணைத் திறந்தார். ஒரு கணம் குழம்பினார். பிறகு முகம் மலர்ந்தது.

"ஆமா, மகனே. செத்தது எதுவோ அது செத்துப்போச்சு. நீ யாரா இருந்தியோ அந்தத் தாயும் செத்துட்டா. இன்னொரு தடவ சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

வார்த்தையால் இவர்களிடமிருந்து வெளியே போக முடியாது என்று தெரிந்துவிட்டது. தெரூஸ் எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். படித்துறையில் ஆட்கள் நின்றார்கள். படகில் வெள்ளை வெள்ளையாய் வரிசைகட்டி வைத்திருந்தது மங்கலாகத் தெரிந்தது.

படிக்கட்டருகே கொப்ரேஸ் அவள் துணியைப் பிடித்துக்கொண்டான். முழங்காலிட்டபடியே நகர்ந்து வந்திருந்தான்.

"நீ போனா நான் திரும்பக் குப்பைமேடுதான், தெரூஸ்."

அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். முரட்டுத்தனமாக இல்லை, பிள்ளையின் கையிலிருந்து கத்தியை வாங்குவது போல.

"உன்னை நான் பெக்கல. நான் பெத்தது அங்க இருக்கு. வர்றதுன்னா வா."

அவன் திரும்பிப் பிபியோனைப் பார்த்தான். பிபியோன் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். சூரியன் விளிம்பில் வந்துவிட்டது, நேரம் போய்க்கொண்டிருந்தது. கொப்ரேஸ் முழங்காலிலேயே இருந்தான். தெரூஸ் படி இறங்கினாள். பின்னால், அவள் எட்டாவதையும் தாண்டி ஒன்பதாவதுக்குப் போகிறாள் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. போகட்டும் என்று நடந்தாள்.

கயிற்றை அவிழ்த்த பிறகும் படகு நின்றுகொண்டிருந்தது. தப்சோயி ஒரு காலைப் படகிலும் ஒரு காலைக் கரையிலும் வைத்துக்கொண்டு, படகுக்காரனின் பரம்பரையை ஒவ்வொரு தலைமுறையாக எடுத்துத் திட்டிக்கொண்டிருந்தாள். ஒப்பாரிக்காரி ஏறாமல் படகு எடுக்க முடியாது, அவளோ வாயை மூடுவதாக இல்லை. தெரூஸைப் பார்த்ததும் திட்டு நின்றது. ஏறு என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை.

வயல்களுக்கு மேல் படகு போனது. நடுவில் பிள்ளைகள், சுற்றிலும் பெண்கள். தப்சோயி ஒப்பாரியைத் தொடங்க, மற்றவர்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். தெரூஸ் தன் பிள்ளையைத் தேடினாள். துணிச் சுற்றுக்கு மேலே முகம் இருக்கிற இடத்தில் பலகை வைத்து முகம் வரைந்திருந்தார்கள். கூட்டம் அதிகம் என்பதால் ஓவியன் எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் ஒரே முகமாக வரைந்துவிட்டான். பெரிய கண், சுருட்டை முடி, மூடிய வாய். எல்லாம் ஒரே உயரம் வேறு. பெயர் எழுதிக் கழுத்தில் கட்டிய மரத்துண்டை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள். மற்ற பெண்கள் அழுகையை நிறுத்தாமல் வழிவிட்டார்கள். கடைசிக்கு முந்தியதில் சரப்பூஸ் என்று எழுதியிருந்தது. கொப்ரேஸின் மகள் என்றும் எழுதியிருந்தது.

அதன் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். பிசினும் துணியுமாகக் கனத்தது. உயிரோடு இருந்தபோது இவ்வளவு கனம் இல்லை. பிசின் வாடை மட்டும்தான் வந்தது. பிள்ளையின் வாடை இல்லை. தப்சோயி பாட்டுக்கு நடுவிலேயே குனிந்து, வெங்காயத்துண்டை அவள் முன்னால் நீட்டினாள். தெரூஸ் அதை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். அழுகை வரவில்லை. வர வேண்டும் என்றும் இல்லை, வரக்கூடாது என்றும் இல்லை. மடியில் கனம் இருந்தது. தொடை வலித்தது. படகு கரை தட்டும்வரை இடம் மாற்றாமல் வைத்திருந்தாள்.

மணலில் குழிகள் தயாராக இருந்தன. வெட்டியான் மரத்துண்டைப் பார்த்துவிட்டு, அப்பன் வரலையா, யார் உள்ளே இறக்குவது என்று கேட்டான். பெண்கள் குழியில் இறங்குவது வழக்கமில்லை.

"நான் இறக்குறேன்."

"நீ யாரு?"

தெரூஸ் உடனே பதில் சொல்லவில்லை. வெட்டியான் காத்திருந்தான். அவள் சும்மா இருந்ததை அவன் எதுவாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் ஏறுகிறதே என்று மேலே ஒருமுறை பார்த்தான், அவ்வளவுதான்.

"அம்மா," என்றாள்.

அவன் ஒதுங்கி நின்றான். அவள் குழிக்குள் இறங்கிக் கைநீட்டினாள். மேலேயிருந்து கொடுத்தார்கள். வாங்கித் தலை எந்தப் பக்கம் என்று கேட்டு, அவன் சொன்ன பக்கம் வைத்தாள். குழியை அடைக்கிற செங்கல்லைக் கொடு என்றாள். உனக்கெதற்கு, நாங்கள் அடைத்துக்கொள்கிறோம் என்றான். கொடு என்று மறுபடி கேட்டாள். கொடுத்தான். முதல் வரிசையை அவளே அடுக்கினாள், கோணலாகத்தான் வந்தது. மீதியை அவன் இறங்கி அடுக்கினான்.

வெளியே ஏறி வந்து கை மண்ணைத் தட்டினாள். அடுத்த குழியில் பிள்ளையை வைக்க வந்தவளை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் பிள்ளை மணலில் தனியாகக் கிடந்தது. தலைமாட்டைப் பிடிக்க வெட்டியான் குனிந்துவிட்டான். கால்மாட்டுக்கு ஆளில்லை. தெரூஸ் போய்ப் பிடித்தாள்.